சுருட்டு லேபிளில் இருந்த முகம்

அறுபதுகளின் கடைசியில் தருமபுரியில் நான் சுருட்டு லேபிள்கள் சேர்த்துக்கொண்டிருந்தேன். சுருட்டுக் கட்டின் மேலுறைத் தாளை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நனைத்தால் பசை கரைந்து லேபிள் தனியே மிதக்கும். காயவைத்து, கிடைத்த தேதியையும் ஊரையும் பின்பக்கம் எழுதுவேன். நூற்றுக்கு மேல் அப்படித்தான் எடுத்திருந்தேன். ஒன்றும் கெட்டதில்லை.

பழைய லேபிள்களில் மயிலும் யானையும்தான் இருக்கும். போலிச் சரக்கு பெருகியதும் சில முதலாளிகள் தங்கள் முகத்தையே அச்சிட்டார்கள். கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்த பாய் ஒருவர், பழைய உறைத்தாளில் ஒட்டியிருந்த அப்படியொரு லேபிளைப் பரணில் கண்டெடுத்தார். ஒரு காலத்தில் சுருட்டு விற்ற அவருடைய தந்தையின் முகம். வீட்டில் படம் வைக்கும் வழக்கமில்லாத குடும்பம். லேபிளுக்காக எடுத்ததைத் தவிர அந்த மனிதருக்கு வேறு படமே கிடையாது.

"குறிச்சிட்டுக் காலைல குடுத்துருங்க," என்று புதன்கிழமை மாலை அதை என்னிடம் தந்தார். "ஓசூர்லருந்து தங்கச்சி வருது. அத்தா மவுத்தானப்ப அது அம்மா வயித்துல இருந்துச்சுங்க. மொகத்தப் பாத்ததே இல்ல."

"பத்திரமாத் தர்றேங்க பாய்."

"உங்ககிட்ட குடுத்தா எனக்கென்னங்க பயம்? எங்கூட்டுப் பொட்டியவிட பத்திரம்."

அச்சகத்தின் பெயர் பின்பக்கம் இருக்குமோ என்ற ஆசை எனக்கு. தட்டில் தண்ணீர் ஊற்றி லேபிளைப் போட்டேன். மற்றவை எல்லாம் முரட்டுத் தாள். இதுவோ புகைப்படம் தெளிவாகப் பதிவதற்காக மெருகு பூசிய தாள். அந்த மெருகு நீரில் இளகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முன்பக்கம் கசிந்த பசையைத் துடைக்க விரலை வைத்தேன். கன்னம் நகர்ந்தது. கையை இழுத்துக்கொண்டேன். முகம் என் கட்டைவிரலில் கறுப்பாக ஒட்டி வந்திருந்தது. தாளில் முகத்தைச் சுற்றியிருந்த பொன்னிற வளையம் மட்டும், அதன் நடுவில் வெறும் வெள்ளை.

வியாழன் காலை அந்தத் தாளைக் குறிப்பேட்டுக்குள் வைத்து எடுத்துப் போனேன். தங்கை கைக்குழந்தையோடு கடையிலேயே காத்திருந்தார். பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அத்தா எங்கங்க?"

நடந்ததைச் சொன்னேன். அவர் பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். தங்கை அழவில்லை. என்னைப் பார்த்தார்.

"அண்ணன் எப்பவும் ஏத்தித்தான் சொல்லும். அத்தா ராசா மாதிரின்னு. நீங்க வெளியாளு, நேத்துதான் பாத்திருக்கீங்க. நீங்க சொல்லுங்க, எப்படி இருந்தாரு?"

குறிப்பேட்டைத் திறந்தேன். நீளம், அகலம், மூன்று நிறம், ஓரத்தில் கொடிவேலை, வலது மூலையில் சிறு கிழிசல்.

"தாடி இருந்துச்சும்மா," என்றேன்.

"நரைச்சிருந்துச்சுங்களா?"

முந்தின மாலை ஒரு மணி நேரம் அதைக் கையில் வைத்திருந்தவன் நான். எனக்குத் தெரியவில்லை.