மேல்மாடி அமெரிக்கரின் மீன்

பாரிஸ் புறநகர் பொண்டியில் இருப்பது என் சொந்த வீடுதான். ஆனாலும் கருவாடு பொரிக்கும்போது சன்னல்களைச் சாத்தினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன். இந்தப் பதற்றம் லா சப்பலில் பிடித்தது.

எண்பதுகளில் அங்கே ஒற்றை அறையில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. படியில் காலடி கேட்டாலே அப்பா எழுந்து நின்றுவிடுவார். ஒரு கிறிஸ்துமஸ் நாளில், நாங்கள் நத்தார் என்போம், கட்டடம் முழுக்க மீன் நாறியது. வீட்டுக்காரி வந்து, கருவாடு காய்ச்சுகிறவர்களுக்கு இங்கே அறை கிடையாது என்று கத்தினாள்.

"பருப்புத்தான் காய்ச்சினது எண்டு சொல்லு பிள்ளை," என்றார் அம்மா. பிரெஞ்சில் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அப்போது மேல்மாடி அமெரிக்கர் ஆர்னே, சட்டியோடு இறங்கி வந்தார். "இது என்னுடைய மீன்," என்றார். அவருடைய பாட்டனார் நோர்வேயிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மாலுமியாம். காய்ந்த மீனை நாட்கணக்கில் ஊறவைத்து அவிக்காமல் அவர்கள் வீட்டில் நத்தார் வராதாம்.

வீட்டுக்காரி சிரித்தாள். அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அம்மா ஒரு துண்டைத் தின்று பார்த்தார். "உப்புமில்லை, உறைப்புமில்லை. பாவம், உள்ளை வரச்சொல்லு," என்று மிளகாய்த்தூளை எடுத்தார்.

அப்பா கதவடியிலேயே நின்றார். "உண்மையிலை நாங்கள் காய்ச்சியிருந்தால், அவள் சிரிச்சிருப்பாளோ?" என்றார்.

அம்மா மிளகாய்த்தூளை வைத்துவிட்டுப் போய்ச் சன்னலைச் சாத்தினார்.