அளந்து போட்ட சோறு

எங்கள் வீட்டு அரிசி வாளிக்குள் ஒரு பால் டின் கிடக்கிறது. கெட்டிப்பால் வந்த டின்தான். மேலே ஒட்டியிருந்த தாள் எப்போதோ உரிந்துவிட்டது, விளிம்பு வழவழவென்று தேய்ந்துவிட்டது, அடியில் லேசான நசுங்கல். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அத்தை அதைத்தான் என் கையில் கொடுத்தார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "ஆளுக்கு ஒரு டின்னு. எனக்கு மட்டும் ரெண்டு போட்டுரு" என்றார். இப்போது அந்த டின்னை எடுத்தால் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ஒரு காலத்தில் அதைத் தொடவே பயம். பின்னே? டாக்டர் வெட்டிச் சின்னதாக்கி அனுப்பிய அத்தையின் வயிற்றைத் திரும்பப் பெரிதாக்க நானும் இந்த டின்னும் அல்லவா கூட்டுச் சேர்ந்தோம்!

அத்தை கோலசிலாங்கூர் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். பிறகு தமிழ்ப்பள்ளிக் கேன்டீனில் சமைத்தவர். அவர் ஓர் அதட்டல் போட்டால் ஈஜோக் போகிற பஸ்கூட நின்றுவிடும் என்று என் கணவர் கேலி செய்வார். ஆளும் அப்படித்தான். விசேஷ வீடுகளில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித்தான் உட்காருவார், அதற்குக் கூச்சப்படவும் மாட்டார். ஆனால் சர்க்கரையும் முட்டிவலியும் அவரைப் பாடாய்ப் படுத்தின. அதைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது. என் கணவர் இளைஞராக இருந்தபோது மோட்டார் சைக்கிளோடு லோரியில் மோதி நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். மகன் பிழைத்தால் தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்து நடந்து வருகிறேன் என்று அத்தை வேண்டிக்கொண்டார். மகன் பிழைத்தார். அதற்குள் அத்தையின் முட்டி போய்விட்டது. வருஷா வருஷம் திருவிழாவில் கூடாரத்துக்கு அடியில் உட்கார்ந்து, மற்றவர்களின் பால்குடங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அவ என் புள்ளைய குடுத்துட்டா. நாந்தான் இன்னும் நடக்கல" என்பார். அப்போது மட்டும் அந்தக் குரல் எங்கே போகும் என்று தெரியாது.

நடப்பதற்காகத்தான், எடை குறைய வயிற்றைச் சின்னதாக்கும் அறுவை சிகிச்சைக்கே சம்மதித்தார். வீட்டுக்கு வந்ததும் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "என் வயித்த வெட்டி வாழப்பழம் ஆக்கிட்டாங்கலா!" என்று எங்கள் ஊர் 'லா'வோடும் அபிநயத்தோடும் சொன்னார். முதலில் மடக்கு மடக்காகத் தண்ணீர், பிறகு அரைத்த கஞ்சி நாலே கரண்டி, பிறகு குழைத்த முட்டை. இரண்டு டின் சாப்பிட்டவர் நாலு கரண்டியில் ஏப்பம் விட்டதைப் பார்த்து எனக்கு வியப்புத் தாங்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறியது. மாதத்துக்கு ஒரு முறை அவர் ரவிக்கைகளைப் பிரித்துப் பிடித்துத் தைத்தேன். ஒவ்வொரு தையலுக்கும் எங்கள் இருவருக்கும் ஒரே கொண்டாட்டம்.

சில மாதங்கள் கழித்து ஊட்டச்சத்து ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். முதலில் மீன், முட்டை, பருப்பு. கடைசியில் அரை அளவு சோறு. இங்கேதான் நான் கோட்டை விட்டேன். எங்கள் வீட்டில் அளப்பது அரிசியைத்தான். சோற்றை யாரும் அளக்க மாட்டார்கள். சட்டியிலிருந்து அள்ளிப் போடுவார்கள், போதும் என்று கை மறித்தாலும் இன்னொரு கரண்டி விழும். அதிலும் மருமகள் மாமியாருக்குச் சோற்றை அளந்து போடுவதா? 'மாமியாருக்கு அளந்து சோறு போடுறா' என்பதைவிட மோசமாக ஒரு மருமகளைப் பற்றி எங்கள் ஊரில் சொல்ல முடியாது. அதனால் அளவு என்று படித்ததும் என் கை தானாகப் பால் டின்னுக்குப் போனது. அத்தையும், "ஆமா, அரை டின்னு போடு" என்று சொல்லிவிட்டார். அரை டின் அரிசியைத் தனிச்சட்டியில் வடித்து, ஒரு பருக்கை குறையாமல் அவர் தட்டில் கொட்டினேன். அரை டின் அரிசி வெந்தால் எவ்வளவு சோறாகும் என்று தினமும் அடுப்படியில் நிற்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் உறைக்கவில்லை!

அத்தைக்குத் திணறியது. சில நாள் வாந்தி எடுத்தார். "டாக்டர் சொன்ன அளவு, மிச்சம் வைக்கக்கூடாது" என்று ரசத்தை ஊற்றி ஊற்றி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து உள்ளே தள்ளினார். அவ்வளவு விசுவாசம்! இடையில் மருத்துவமனைக்குப் போனபோது, "அரை அளவுதானே?" என்று கேட்டார்கள். "அரைதான்" என்றோம், சத்தியமாக. நாளடைவில் முழுத் தட்டையும் காலி செய்தார். எடை இறங்குவது நின்றது, பிறகு மெல்ல ஏறியது. நான் பிடித்துத் தைத்த ரவிக்கை ஒன்று கக்கத்தில் பிரிந்தது. ரவாங்கிலிருந்து நாத்தனார் போனில் அத்தையிடம், "வயிறு விரிஞ்சிருக்கும்மா. ஒருக்கா விரிஞ்சா அவ்ளோதான்" என்றார்.

அன்றோடு அத்தை சோற்றைத் தொடவில்லை. வெறும் தேத்தண்ணிதான். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்த் தாங்கினேன். "என் வேண்டுதலுக்கு நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்டி" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. திருவிழாவுக்கு ஏழு வாரம்தான் இருந்தது.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம். பால் டின்னையும் அத்தை பைக்குள் போட்டுக்கொண்டார். "நாம பொய் சொல்லலன்னு காட்டணும்" என்றார். ஆலோசகர் இளம் மலாய்ப் பெண். எவ்வளவு சோறு என்று அவர் கேட்டதும் அத்தை டின்னை மேசையில் டக்கென்று வைத்து, பாதியில் விரலால் கோடு கிழித்துக் காட்டினார். அந்தப் பெண் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெராஸா, நாசியா?" என்று மெதுவாகக் கேட்டார். அரிசியா, சோறா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பெராஸ்" என்றேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பை எடுத்து டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். இதில் பாதி, வெந்த சோறு, அவ்வளவுதான் என்றார். அத்தை கப்பையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வெடித்துச் சிரித்தார்! "அடிப்பாவி, ஒரு வாரத்துச் சோத்த ஒரு நாள்ல போட்டிருக்கியேடி!" நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பால் மாதிரி ஒரு மருந்தைக் குடிக்க வைத்து வயிற்றை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, வயிறு இன்னும் ஒடுங்கித்தான் இருக்கிறது என்றார். நாளாக நாளாகக் கொஞ்சம் இளகத்தான் செய்யும், நாலு கரண்டி கொண்ட இடம் பிறகு கூடுதலாகக் கொள்ளும், அது எல்லாருக்கும் நடப்பது. தினமும் திணித்துக்கொண்டே இருந்தால்தான் வம்பு. சோற்றோடு ரசமும் தண்ணீரும் ஊற்றித் தள்ளாதீர்கள், பட்டினியும் கிடக்காதீர்கள் என்றார். வெளியே வந்ததும் கார் நிறுத்தத்திலேயே அத்தை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

திருவிழா அன்று ஆற்றங்கரைப் பிள்ளையார் கோவிலிலிருந்து பால்குடம் புறப்பட்டது. மஞ்சள் சேலையில் அத்தை, பக்கத்தில் நான், பின்னால் என் கணவர். செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதை, மேளச் சத்தம். பாதி வழியில் அத்தை நின்றார். முட்டி நடுங்கியது. "கொஞ்சம் உக்காறீங்களா அத்த?" என்றேன். "உக்காந்தது போதும்லா. பத்து வருசமா உக்காந்தேன்" என்றார். நடந்தார். மாரியம்மன் கோவில் வாசலைத் தொட்டபோது என் கணவர் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார்.

மதியம் அன்னதானப் பந்தி. இலையில் சோறு போட வந்தவரை அத்தை கை மறித்து நிறுத்தினார். ஆலோசகர் கொடுத்தனுப்பிய அந்தக் கப் என் பைக்குள் இருந்தது. எடுக்கக் கூசி, முந்தானைக்குள் மறைத்தேன். "ஏன்டி ஒளிக்கிற? எடு" என்றார். எடுத்தேன். வாளியிலிருந்து பாதிக் கப் சோறு அளந்து அவர் இலையில் வைத்தேன். எதிர்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "என்னம்மா, மாமியாருக்கு அளந்தா போடுற?" என்று நீட்டி முழக்கினார். பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது. அத்தை அந்தப் பழைய குரலை எடுத்தார், பஸ்ஸை நிறுத்துகிற குரலை. "ஆமாலா! என் மருமக அளந்துதான் போடுவா. அதான் நான் நடந்தே வந்தேன்!"

இன்று காலையும் வாளியைத் திறந்து டின்னை எடுத்தேன். எனக்கு ஒன்று, என் கணவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அத்தை அங்கிருந்தே சத்தம் போட்டார்: "கப்ப கழுவி வச்சியாடி?" கழுவி, சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.