திருத்திப் படிக்கவும்

எங்கள் துறையின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது: போர், பிணக்கு மற்றும் சர்வதேசப் பாதுகாப்பு ஆய்வுத் துறை. பல்கலைக்கழகத்தில் மற்றவர்களுக்கு நாங்கள் ‘சண்டை டிபார்ட்மெண்ட்’. மூன்றாவது மாடியில் நான்கு அறைகள். ஒன்று பேராசிரியருக்கு, இரண்டு பழைய செய்தித்தாள்களுக்கு, மிச்சமிருப்பது ஆட்களுக்கு. அந்த அறையில் நான் புள்ளிவிவரம் பார்க்கிறேன். எனக்கு எதிர் மேசையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் கமா அக்கா.

அக்கா பெரிய படிப்புப் படித்து இங்கே வந்தவள் அல்ல. பத்தொன்பது வருடம் ஒரு நாளிதழில் புரூஃப் பார்த்தாள். எழுத்துப்பிழையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று அந்த நாளிதழ் ஒருநாள் முடிவு செய்து, புரூஃப் பிரிவையே மூடிவிட்டது. தற்காலிக வேலை என்று எங்களிடம் வந்து சேர்ந்தாள். முதல் நாள் பேராசிரியர் அவளிடம் நாற்பது பக்க விதிப் புத்தகத்தைக் கொடுத்து, “படிச்சுட்டு வாங்க” என்றார். மறுநாள் அது சிவப்பு மையோடு திரும்பி வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பிழைகள், அதில் பாதி கமா. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

வேலை என்னவென்றால், எங்கள் எல்லையில் பதினோரு வருடம் நடந்து, இருபத்துமூன்று வருடங்களுக்கு முன்பு முடிந்த சண்டையைப் பழைய செய்தித்தாள்களிலிருந்து வரி வரியாகப் பட்டியலிடுவது. எந்தத் தேதி, எந்த இடம், யார் யாரைச் சுட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும். செய்தியில் எண் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விதி இருந்தது. ‘சிலர்’ என்றால் மூன்று. ‘பலர்’ என்றால் பத்து.

அக்கா முதல் வாரமே பேராசிரியர் அறைக்குப் போய் நின்றாள்.

“சார், பலர்னா பத்துன்னு யாரு சொன்னா?”

“அது உலகம் பூரா இருக்கிற நடைமுறைம்மா.”

“நான் பேப்பர்ல இருந்தவ சார். நிருபருக்கு நேரம் இல்லேன்னா ‘பலர்’. எடிட்டருக்குப் பயம் வந்தா ‘சிலர்’. அதுக்கு மேல அதுல ஒண்ணும் கிடையாது.”

பேராசிரியர் கொஞ்ச நேரம் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். போரைப் பற்றி ஏழு புத்தகம் எழுதியவர்; ஆனால் பக்கத்தில் ஒரு பலூன் வெடித்தாலும் காதைப் பொத்திக்கொள்வார். நாங்கள் அவரை முதுகுக்குப் பின்னால் ஜெனரல் என்போம். ஆனால் நியாயம் என்று பட்டால் ஒத்துக்கொள்கிற மனுஷர். மூன்றும் பத்தும் போய், அந்தக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று வந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பதில் அவருக்குத் தீராத வருத்தம். அக்கா இறங்கிப் போனதும் தினமும் ஒரே கேள்வி கேட்பார்.

“இன்னைக்கு எத்தனை சண்டை?”

“ஆறு. இப்போ நீங்க லேட்டா வந்ததையும் சேர்த்தா ஏழு.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த டீச்சர் வந்தார்.

முப்பத்தைந்து வயது இருக்கும். அரைநாள் லீவு போட்டு, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் எங்கள் பட்டியலிலிருந்து எடுத்த அச்சுப்பிரதி. பேராசிரியரின் பேர்பெற்ற கட்டுரை ஒன்றும் கூட இருந்தது. போரின் கடைசியில் நாற்பத்தோரு நாள் சண்டை நிறுத்தம். அதன் முடிவில் உடன்படிக்கை. அந்த நாற்பத்தோரு நாளும் ஓர் உயிர்கூடப் போகவில்லை, மேலிடத்து உத்தரவு அவ்வளவு உறுதியாக இருந்தது என்பது அந்தக் கட்டுரையின் சாரம். வெளிநாட்டு மாணவர்கள்கூட அதை மேற்கோள் காட்டுவார்கள்.

“இந்த லிஸ்ட்டை யாரு போடுறது?” என்று டீச்சர் கேட்டார்.

“நான்தாம்மா. முதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க” என்றாள் அக்கா.

டீச்சர் உட்காரவில்லை. “எங்க அப்பா இந்த நாப்பத்தோரு நாளுக்குள்ளதான் செத்தார். பத்தொம்போதாவது நாள். இங்க அந்தத் தேதிக்கு நேரா சைபர் போட்டிருக்கீங்க.”

அவருடைய அப்பா நீர்வளத் துறையில் ஆற்றின் அளவு பார்ப்பவர். எல்லை ஆற்றின் நடுவே ஓர் அளவுக் கம்பம் உண்டு. தினமும் காலை எட்டு மணிக்குப் படகில் போய், தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்து எழுதி வர வேண்டும். இரு கரையிலும் துப்பாக்கி நிற்கும்போது யார் போவார்கள்? மூன்று வருடம் கம்பம் சும்மா நின்றது. நாளை முதல் சண்டை நிறுத்தம் என்று வானொலியில் சொன்ன மறுநாளே மனுஷர் படகைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பதினெட்டு நாள் போய் வந்தார். பத்தொன்பதாம் நாள் எதிர்க்கரையிலிருந்து ஒரே ஒரு குண்டு.

“பேப்பர்ல படகு கவிழ்ந்து மூழ்கிட்டார்னு போட்டாங்க. எங்க அப்பாவுக்கா நீச்சல் தெரியாது?” டீச்சர் அச்சுப்பிரதியை மேசையில் வைத்தார். “சண்டை நின்னுடுச்சுன்னு முதல்ல நம்பின ஆளு அவர்தான் மேடம். அவரையே விட்டுட்டீங்களே.”

குடும்பத்தார் வாய்மொழி எங்கள் விதிப்படி ஆதாரம் ஆகாது. அதை அந்த நேரத்தில் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. டீச்சரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, படிக்கட்டு வரை போய் வழியனுப்பினாள்.

திரும்பி வந்தவள் நேரே செய்தித்தாள் அறைக்குப் போனாள். அந்த மாதத்து பைண்டு புத்தகத்தை இறக்கி, தூசி தட்டி, மேசையில் விரித்தாள். பத்தொன்பதாம் நாளுக்கு மறுநாள் இதழில், மூன்றாம் பக்கத்தில் நான்கு வரி: எல்லை ஆற்றில் படகு கவிழ்ந்து ஒருவர் பலி. விபத்து என்பதால் எங்கள் பட்டியலில் ஏறவில்லை.

நானாக இருந்தால் புத்தகத்தை மூடியிருப்பேன். அக்கா அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று ஆறாம் பக்கத்தை மட்டும் புரட்டிக்கொண்டே போனாள். நான் ஏன் என்று கேட்டேன்.

“பேப்பர்ல தப்பு வந்தா ஆறாம் பக்கம் கீழ் மூலைலதான் ஒத்துக்குவாங்க. ராசிபலனுக்குக் கீழ, கண்ணுக்குத் தெரியாத எழுத்துல. அந்தப் பெட்டியை இத்தனை வருஷமா நாம யாருமே படிக்கல.”

எட்டு நாள் தள்ளி அந்தப் பெட்டி கிடைத்தது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

‘திருத்தம்: எல்லை ஆற்றில் ஒருவர் இறந்தது குறித்து நமது இதழில் வெளியான செய்தியில், “படகு கவிழ்ந்து” என்பதைத் “துப்பாக்கிக் குண்டு பட்டு” என்று திருத்திப் படிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.’

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அது அவள் வேலை பார்த்த அதே நாளிதழ்.

“அப்போ ஆறாம் பக்கத்துக்கு நான்தான் புரூஃப் பாத்தேன்” என்றாள். “இதையும் நான்தான் பாத்திருக்கணும். மேற்கோள் குறி சரியா இருக்கா, ‘த்’ விட்டுப்போச்சான்னு பாத்திருப்பேன். ஆளு செத்ததைப் பாக்கவே இல்ல பாரு.”

டீ வாங்கி வந்து வைத்தேன். அது ஆறிப்போகும்வரை அவள் தொடவில்லை.

மறுநாள் காலை அந்தப் பக்கத்தின் நகலோடு பேராசிரியர் அறைக்குள் போனாள். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

“ஒரே ஒரு ஆளும்மா. யாரோ கை தவறிச் சுட்டிருப்பான். அதனால என் வாதம் விழுந்துடாது.”

“சார், ‘குறைவு’ன்னு எழுதியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன். ‘ஒன்றுகூட இல்லை’ன்னு எழுதியிருக்கீங்க.”

பேராசிரியர், “ரெண்டாவது ஆதாரம் எங்க? விதி உங்களுக்கே தெரியும்” என்றார். அவர் குரலில் இருந்தது கோபமா பயமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. விதி விதிதான் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமை வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் ஏறி, மூன்று மணி நேரம் தள்ளி இருந்த நீர்வளத் துறைக் கிளை அலுவலகத்துக்குப் போனாள். பழைய பதிவேடுகள் இருந்த இரும்பு பீரோவுக்குச் சாவி தொலைந்து ஏழு வருடம் ஆகிறதாம். “உள்ள எலிதான் இருக்கும்” என்றாராம் அங்கிருந்த குமாஸ்தா. லிஃப்ட் மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அவருடைய இருபத்தெட்டு வருட சர்வீசில் அதைவிடச் சுலபமான கதவைப் பார்த்ததில்லையாம். திங்கட்கிழமை என்னிடம் அதை மூன்று தடவை சொன்னார்.

எலி ஓரத்தைத்தான் தின்றிருந்தது. எழுத்து பத்திரமாக இருந்தது. அக்கா எடுத்து வந்த படங்களைப் பேராசிரியர் மேசையில் வரிசையாக வைத்தாள். தண்ணீரின் உயரம், பக்கத்தில் குறிப்புக்கான கட்டம். பதினெட்டு நாள் ஒரே கையெழுத்து, நிதானமான உருண்டை எழுத்து. பத்தொன்பதாம் நாள் வேறு கை:

‘இன்று அளவு எடுக்கப்படவில்லை. அளவு பார்ப்பவர் எதிர்க்கரையிலிருந்து சுடப்பட்டு இறந்தார்.’

பேராசிரியர் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். “சரி, ரெண்டாச்சு” என்றார்.

“இன்னும் ரெண்டு வரி கீழ படிங்க சார்.”

இருபதாம் நாள்: ‘அளவு எடுக்கப்படவில்லை.’ இருபத்தோராம் நாள்: ‘எதிர்க்கரைக் காவல் நிலையத்தார் வெள்ளைத் துணி காட்டி அழைத்தனர். நடு ஆற்றில் பேசினோம். சுட்டவனை இடம் மாற்றியதாகச் சொன்னார்கள். காலை எட்டு மணிக்கு இரு பக்கமும் துப்பாக்கி கீழே இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள்.’ இருபத்திரண்டாம் நாள், அதே புதுக் கையில்: ‘இரண்டு மீட்டர் பத்து.’ அதற்குப் பின் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

பேராசிரியர் எழுந்தார். மூன்று மாடி இறங்கிப் போய், சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாவது சுற்றில் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். மேலே வந்தபோது முகம் வியர்த்திருந்தது. ஆனால் பல வருடமாக நாங்கள் பார்க்காத ஒரு வெளிச்சம் அதில் இருந்தது.

“நான் தலைகீழா எழுதியிருக்கேன்மா” என்றார். “அந்த நிறுத்தம் நிலைச்சது யாரும் மீறாததால இல்ல. மீறின பிறகும் நின்னிருக்கு. மேலிடத்துல எவனுக்கும் தெரியாம, ஆத்துக்கு நடுவுல நாலு பேரு சேர்ந்து கிழிஞ்ச இடத்துக்கு ஒட்டுப் போட்டிருக்காங்க. இது தெரியாம ஒரு கட்டுரை எழுதி, அதுக்குக் கைதட்டலும் வாங்கிட்டேன்.”

“இப்போ என்ன சார் பண்றது?”

“திருத்தம் போடணும். நீங்கதான் எழுதணும். அந்த வேலை உங்களுக்குத்தான் தெரியும்.”

கட்டுரை வெளியான ஆய்விதழுக்கு அக்கா எழுதிய திருத்தம் ஐந்து வரி. அந்த ஐந்து வரிக்கு இருவரும் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். ‘கவனக்குறைவால் நேர்ந்த சிறு பிழை’ என்று பேராசிரியர் நுழைக்கப் பார்த்தார். ‘சிறு’வை அக்கா அடித்தாள். அவர் மறுபடி எழுதினார், அவள் மறுபடி அடித்தாள். கடைசியில் ‘பிழை’ மட்டும் நின்றது.

டீச்சரை அக்கா போனில் கூப்பிட்டு வரவழைத்தாள். திரையில் அந்த வரியைக் காட்டினாள். தேதி, ஆற்றின் பெயர், இறந்தவர்: 1. டீச்சர் அந்த ஒன்றின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பேரு போட மாட்டீங்களா?”

“இந்தப் பட்டியல்ல பேருக்குன்னு கட்டமே இல்லம்மா. யாருக்குமே இல்ல” என்றாள் அக்கா. “ஆனா குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல போட்டிருக்கேன், பாருங்க.”

‘ஆற்றின் அளவு பார்ப்பவர். பணியில் இருந்தபோது’ என்று இருந்தது. டீச்சர் அதை வாய்விட்டுப் படித்தார். பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதிவேட்டில் அப்பாவின் உருண்டை எழுத்து இருந்த பதினெட்டு வரிகளையும் அச்செடுத்துக் கொடுத்தோம். பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

மறு வருடம் பேராசிரியர் புதுக் கட்டுரை எழுதினார். மீறலுக்குப் பிறகும் சண்டை நிறுத்தங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பது பற்றியது. அதில் அவர் பெயர், என் பெயர், மூன்றாவதாக அக்காவின் பெயர். லிஃப்ட் மெக்கானிக் ஒரு பிரதியைத் தன் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போய்ச் சுவரில் ஒட்டிவிட்டார். அங்கே யாருக்கும் அது புரியவில்லை. “எனக்குந்தான் புரியல. ஆனா கமா எல்லாம் சரியா இருக்கும், அதுக்கு நான் கேரண்டி” என்றாராம்.

இப்போது அக்கா பதினோரு வருடத்துத் திருத்தப் பெட்டிகளையும் ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை அறுபத்துமூன்று வரிகள் மாறியிருக்கின்றன. நாங்கள் விட்டுவிட்ட மரணங்கள் நாற்பது. அவற்றைச் சேர்க்கிற நாட்களில் அவள் அதிகம் பேசுவதில்லை. மிச்சம் இருபத்துமூன்று வேறு வகை. ‘இறந்ததாகக் குறிப்பிட்டவர் காயத்துடன் மருத்துவமனையில் உள்ளார்’, ‘பட்டியலில் உள்ள மூன்றாமவர் அன்று ஊரிலேயே இல்லை’ என்பது போன்றவை. அப்படி ஒன்று கிடைத்தால் அக்கா பேனாவை மேசையில் தட்டி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, “ஒருத்தர் பொழைச்சுட்டார்!” என்பாள். உடனே அடுத்த அறைக் கதவு திறக்கும். ஜெனரல் தலையை நீட்டி, “எந்த ஊர்க்காரர்?” என்று கேட்பார். எல்லோருக்கும் டீ வரும்.