குழலில் தங்கிய சன்னம்

ஷாஃப்ஹவுசன் நகருக்கு வெளியே உள்ள துப்பாக்கிச் சுடுதளத்தில் நானும் தம்பியும் அடுத்தடுத்த பாய்களில் குப்புறப் படுத்திருந்தோம். போட்டி முடியும் நேரம். இருவருக்கும் இன்னும் சில சூடுகளே மிச்சம்.

என் தோட்டாக்களை நானே செய்துகொள்வேன். கோது என்ற பித்தளைக் கூட்டுக்குள் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, அதன் வாயில் சன்னம் என்ற குண்டை அழுத்தி இருத்த வேண்டும். எவ்வளவு ஆழத்துக்கு இருத்துகிறோம் என்பதுதான் முக்கியம். என் துவக்கு பழையது. குழலுக்குள் சன்னத்தைச் சுழற்றிவிடும் புரிகள் தொடங்கும் இடம் தேய்ந்து முன்னே தள்ளிப்போய்விட்டது. அதனால் சன்னத்தைக் கொஞ்சம் வெளியே நீட்டியே விடுவேன். தம்பியின் துவக்குக்குப் புதுக் குழல். அதற்கு அந்த நீளம் ஆகாது; நீட்டிய சன்னம் புரிகளில் இறுகிவிடும். கடையில் வாங்கும் தோட்டாதான் அவனுக்குச் சரி.

அவனுடைய தோட்டா ஒன்று உருண்டு சேற்றில் விழுந்தது. அவசரத்தில் அருகில் இருந்த என் தோட்டாப் பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்திருக்கிறான். நான் கவனிக்கவில்லை. திரும்பியபோது, துவக்கின் பின்வாயில் மூட மறுத்த பூட்டை உள்ளங்கையால் அடித்து மூடிக்கொண்டிருந்தான். பிறகு அவனுக்கே சந்தேகம் வந்து திறந்தான். கோது வெளியே வந்தது. அதோடு கறுப்பாக மருந்தும் பாயில் கொட்டியது.

மருந்தை ஊதித் தள்ளிவிட்டுத் தன் தோட்டா ஒன்றை உள்ளே செருகினான்.

"டேய், நில்!"

காதுறை போட்டிருந்ததால் அவனுக்குக் கேட்கவில்லை. பூட்டைத் தள்ளத் தொடங்கிவிட்டான். அடுத்தவர் துவக்கில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். அவன் காதுறையை ஒதுக்கிவிட்டுத் திரும்பினான்.

"என்னக்கா, விசரோ? நேரம் போகுது!"

"சன்னம் குழலுக்குள்ள நிக்குது. சுட்டியெண்டால் துவக்கு உன்ர முகத்தில வெடிக்கும். கையை எடு."

"இல்லை, அது கோதோட வந்திட்டுது."

"கோதைப் பார்."

பார்த்தான். கோதின் வாய் வெறுமையாக இருந்தது. பூட்டிலிருந்து கையை எடுத்தான்.

நான் கையை உயர்த்தி, எல்லாரும் நிறுத்தும்படி "ஹால்ட்!" என்று கத்தினேன். வரிசை முழுவதும் சூடு நின்றது. தளத்துக்குப் பொறுப்பான ஷுட்சன்மைஸ்டர் பெண்மணி ஓடி வந்து எங்கள் அருகில் மண்டியிட்டார். பாதி உள்ளே போயிருந்த தோட்டாவை முதலில் எடுக்க வேண்டும்.

"லங்சாம்," என்றார். மெதுவாக. தம்பி விலகி இடம்விட்டான். அவரே பூட்டைப் பிடித்து மயிரிழை மயிரிழையாகப் பின்னுக்கு இழுத்தார். தோட்டா முழுதாக வந்தது.

பிறகு குழலின் முன்வாய் வழியே துப்புரவுக் கம்பியை விட்டுத் தட்டினார். அசையவில்லை. மீண்டும் தட்டினார். சன்னம் பின்பக்கமாகப் பாயில் விழுந்தது. அதன் தோளில் புரிகள் பதிந்த கீறல்கள் சுற்றிவரத் தெரிந்தன.

காரில் வின்டர்தூரில் உள்ள வீட்டுக்குத் திரும்பினோம். கதவைத் திறந்த அம்மா தம்பியின் முகத்தைக் கண்டதும், "என்ன நடந்தது?" என்றார்.

"அம்மா, இண்டைக்கு அக்கா மட்டும் பக்கத்தில இல்லையெண்டால்..."

அம்மா அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் காட்டு."