ஞானத்தாய்க்கு லீவு இல்லை

1. இரண்டு பக்கம்

கொழும்பில் அந்தப் பதினோராம் மாடி வீட்டின் மணியை முதன்முதல் அடித்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. அதற்கு முன் மன்னாரில் எங்கள் கீரிக் கிராமத்தில் முன்பள்ளி ரீச்சராக இருந்தேன். டிப்ளோமாவும் இருந்தது. முன்பள்ளியில் கிடைத்த கொடுப்பனவைச் சம்பளம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கும். கணவர் அன்ரன் கடலுக்குப் போகிறவர், கடல் தருகிற நாளில்தான் வீட்டில் வருமானம். ஆறு வயது மகள் நிரோஷியை மச்சாளிடம் விட்டுவிட்டு, யாரோ பெற்ற மூன்று மாதப் பிள்ளையைப் பார்க்கப் போனேன். அந்தப் பிள்ளையின் பெயர் மிஷெல்.

மேடம் வங்கியில் பெரிய வேலை. குரலை உயர்த்தாத மனுசி, அதை மறுக்க மாட்டேன். முதல் நாளே தட்டச்சு செய்த இரண்டு பக்கங்களை என் கையில் தந்தார். பிள்ளை அழுதால் உடனே தூக்க வேண்டும். போத்தலை இத்தனை நிமிடம் அவிக்க வேண்டும். போன் பார்க்கக் கூடாது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் நீலச் சட்டை யூனிஃபோம் போட வேண்டும். நான் செய்ய வேண்டியதெல்லாம் அதில் எழுத்தில் இருந்தது. அவர்கள் எனக்குத் தரவேண்டியதை மட்டும் வாயால் சொன்னார்கள்: தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, "லீவெல்லாம் பார்த்துத் தருவோம்."

தனி அறை என்பது துணி துவைக்கிற மெசின் நின்ற அறை. சாப்பாடு குசினியில், நின்றபடி. மேசையைச் சுற்றி எட்டுக் கதிரை இருந்தது, எட்டும் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன.

சம்பளத்தைச் சொல்லிவிட்டு மேடம் கேட்டார்: "மன்னார்ல இவ்வளவு யார் தருவாங்க, சொல்லுங்க?"

உண்மைதானே என்று தலையாட்டினேன். அந்தக் கேள்விக்கு விடை எனக்குப் பிடிபட ஒரு வருசம் போனது. அந்த வீட்டின் வாடகை கொழும்பு விலை. கார் நிறுத்துகிற இடத்துக்குக் கொழும்பு விலை. நடக்கவே தெரியாத பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, அதுவும் கொழும்பு விலை. எனக்கு மட்டும் மன்னார் விலை. நான் என்ன மன்னாரில் இருந்துகொண்டா அந்தப் பிள்ளையைத் தூக்கினேன்?

2. பட்டம்

மிஷெலுக்கு ஒரு வயது நெருங்கியபோது இரண்டு விசயம் கேட்டேன். சம்பளத்தில் கொஞ்சம் கூட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும். யோசித்துச் சொல்வதாக மேடம் சொன்னார். ஒரு கிழமை கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மிஷெலுக்கு ஞானத்தாயாக நான் நிற்க வேண்டும் என்றார். கனடாவில் இருக்கிற மேடத்தின் தங்கச்சி ஞானத்தாயாக நிற்க வருவார் என்றுதான் ஞானஸ்நானத்தைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். அவரால் வர முடியவில்லை.

"நீங்க எங்க குடும்பத்தில ஒருத்தி, ஜெசிந்தா."

நான் அழுதுவிட்டேன். எங்கள் கரையில் ஞானத்தாய் என்றால் விளையாட்டு இல்லை. அது பெற்ற தாய்க்கு அடுத்த இடம், கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கேட்டு நடக்கிற இடம். சந்தோசத்தில் அன்ரனுக்குப் போன் எடுத்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சம்பளம் கூட்டினவையோ?" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபப்பட்டிருக்க வேண்டியது என்மேல்தான்.

எங்கள் வழக்கப்படி ஞானஸ்நானச் சட்டையை நானே வாங்கினேன். என் கலியாணச் சேலையை உடுத்திக்கொண்டு பிள்ளையை ஏந்தி, ஃபாதர் கேட்டதற்கெல்லாம் மறுமொழி சொன்னேன். கோயில் முடிந்ததும் ஹோட்டலில் சாப்பாடு. காரிலிருந்து இறங்கும்போது மேடம் ஒரு பையை என்னிடம் நீட்டினார். அதற்குள் என் நீலச் சட்டை மடித்து வைத்திருந்தது.

"பிள்ளை சத்தி எடுத்தா சேலை பழுதாயிரும்."

அக்கறையாகத்தான் சொன்னார். ஹோட்டல் கழிப்பறையில் கலியாணச் சேலையைக் கழற்றி யூனிஃபோமைப் போட்டுக்கொண்டு, போத்தலோடு போய் மிஷெலின் கதிரைக்குப் பின்னால் நின்றேன். மேசையில் எனக்கென்று ஒரு இடமும் வைக்கப்படவில்லை. அன்று எனக்கு வந்த வெட்கம் என்னுடையதாக இருந்திருக்கவே கூடாது. இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

3. கடதாசி

அதன்பிறகு நான் எதைக் கேட்டாலும் அந்தப் பட்டம்தான் பதிலாக வந்தது. சம்பளத்தை நினைவூட்டினால், சொந்தப் பிள்ளையைப் பார்க்கிறதுக்கு யாராவது காசு கேட்பார்களா என்று சிரிப்பார்கள். ஞாயிறு லீவைப் பற்றிப் பேசினால், ஞானத்தாய் இல்லாமல் பிள்ளை சாப்பிடாது என்பார்கள். அந்த வீட்டுச் சமையல்காரி வேலையை விட்டு நின்றதும் சமையலும் என் தலையில் விழுந்தது. குடும்பத்தில் ஒருத்திதானே.

அடுத்த வீட்டில் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்தவர் சிலாவத்துறை நஸீரா ராத்தா. பின்னேரங்களில் கீழே பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் சந்திப்போம். அவரிடம் ஒரு ஒப்பந்தக் கடதாசி இருந்தது. எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும், கூடுதல் நேரத்துக்கு என்ன, வெள்ளிக்கிழமை லீவு, பெருநாளுக்கு ஊர் போக பஸ் காசு, எல்லாம் அதில் இருந்தது. என் கதையைக் கேட்டுவிட்டு ராத்தா சொன்னார்: "எனக்குக் கடதாசி தந்திருக்காங்க. ஒங்களுக்குப் பட்டம் தந்திருக்காங்க. பட்டத்தக் காட்டி லீவு கேக்க ஏலாது, தங்கச்சி."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மேடத்தை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினேன். அந்தளவுக்கு மண்டையில் ஏறியிருந்தது ஞானத்தாய்ப் பதவி.

4. சிங்கப்பூர்

நிரோஷிக்கு எட்டு வயதானது. கீரிக் கோயிலில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மை. மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லி நான்கு நாள் லீவு கேட்டேன். மேடமும் சரி என்றார். நிரோஷி ஒவ்வொரு போனிலும் ஒரே கேள்விதான் கேட்பாள்: "அம்மா, கட்டாயம் வருவீங்கள்தானே?" அதற்கு முந்தின இரண்டு நத்தார்ப் பண்டிகைக்கும் வருவேன் என்று சொல்லிப் போகாமல் விட்டவள் நான். இந்தமுறையும் போகாவிட்டால் என் வாயிலிருந்து வருகிற எதையும் அவள் நம்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

முதல் நன்மைக்குப் பத்து நாள் இருக்கும்போது மேடம் சிரித்த முகத்தோடு வந்தார். அதே கிழமையில் எல்லோரும் சிங்கப்பூர் போகிறோம், உங்களுக்கும் டிக்கெட் போட்டாயிற்று என்றார். இது எனக்குப் பரிசாம். மன்னாரில் எத்தனை பேர் சிங்கப்பூர் பார்த்திருக்கிறார்கள் என்றும் கேட்டார். மகளின் முதல் நன்மையை நினைவூட்டினேன். அவர் முகம் மாறியது.

"உங்க ஞானப்பிள்ளைய விட்டுட்டு எப்படிப் போவீங்க? கோயில்ல வச்சு வாக்குக் குடுத்தீங்களே."

இரண்டு வருசமாக அடக்கியது அப்போதுதான் வெளியே வந்தது. சத்தம் போடவில்லை.

"ஓம் மேடம், வாக்குக் குடுத்தனான். பிள்ளைய விசுவாசத்தில வளர்க்க உதவி செய்வன் எண்டு குடுத்தனான். சிங்கப்பூர்ல பம்பர்ஸ் மாத்துவன் எண்டு ஃபாதரிட்டச் சொல்லேல்லை. நான் ஞானத்தாய் எண்டா நீங்கள் எனக்குச் சொந்தம். சொந்தக்காரியின்ர பிள்ளைக்கு முதல் நன்மை. மிஷெலையும் கூட்டிக்கொண்டு கீரிக்கு வாங்கோ. எங்கட வீட்டில எல்லாருக்கும் கதிரை இருக்கு."

 டிக்கெட் காசு திரும்பி வராது என்று மட்டும் மேடம் சொன்னார்.

நான் ஊருக்குப் பஸ் ஏறினேன். மிஷெல் கதவடியில் நின்று கைகாட்டியதை நினைத்து மதவாச்சி வரைக்கும் அழுதேன். பிள்ளை என்ன பாவம் செய்தது? அந்தப் பாசம் பொய்யில்லை. அந்தப் பாசத்தைக் கயிறாக்கி என்னைக் கட்டிப்போட்டதுதான் அநியாயம்.

கோயில் வாசலில் வெள்ளை உடுப்போடு நின்ற நிரோஷி என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. கிட்ட வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கோயில் முடியும்வரை விடவேயில்லை.

சிங்கப்பூரால் திரும்பி வந்தபிறகு மேடம் போன் எடுத்தார். திங்கட்கிழமை வாங்க என்றார். வேலை நேரமும் லீவும் எழுதிய கடதாசி தந்தால் வருகிறேன் என்றேன். குடும்பத்துக்குள்ளே எதற்குக் கடதாசி என்று கேட்டார். நான் போகவில்லை. ராத்தா வேறு ஒரு வீடு பிடித்துத் தந்தார். அங்கே கடதாசி இருந்தது, ஞாயிறு லீவு இருந்தது, கொழும்புச் சம்பளமும் இருந்தது. தர மனமிருந்தால் தருகிறார்கள்தானே.

5. கதிரை

ஆறு வருசம் கழித்து மேடத்தின் குரல் மறுபடியும் போனில் வந்தது. மிஷெலுக்கு முதல் நன்மை, ஞானத்தாய் கட்டாயம் வர வேண்டும் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்த மூச்சிலேயே, மிஷெலுக்குப் பிறகு பிறந்த சின்னவனைப் பார்க்க வைத்திருந்த பிள்ளை வேலையை விட்டு நின்றுவிட்டது, ரெண்டு நாள் முந்தியே வந்துவிடுங்கள் என்றார்.

"கோயிலுக்கு ஞானத்தாயா வாறன் மேடம், அதுக்கு ஒண்டும் வேண்டாம். பிள்ளை பார்க்க வரவேணுமெண்டா அது வேலை. அதுக்குக் கடதாசி வேணும்."

 சரி, கோயிலுக்கு மட்டும் வாங்க என்றார் மேடம்.

அதே கலியாணச் சேலையோடு போனேன். ஹோட்டலில் யாரும் இடம் காட்டும்வரை நான் காத்திருக்கவில்லை. மிஷெலுக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தேன். பாதிச் சாப்பாட்டில் சின்னவன் ஜூஸைத் தன்மேல் ஊற்றிவிட்டு வீரிட்டு அழுதான். மேடத்தின் கண் பழைய பழக்கத்தில் நேரே என்னிடம் வந்தது. என் முழங்காலும் பழைய பழக்கத்தில் பாதி எழும்பிவிட்டது. திரும்பக் கதிரையில் இருந்தேன். சோற்றைப் பிசைந்தேன். கடைசியில் தகப்பன்தான் எழும்பிப் போய்ப் பிள்ளையைத் தூக்கினார். நான் அந்த வீட்டில் இருந்த இரண்டு வருசத்தில் அவர் அப்படி ஒருநாளும் எழும்பி நான் பார்த்ததில்லை.

இப்போது கொழும்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்து, எவ்வளவு தருவினம் அன்ரி என்று கேட்கிறார்கள். அதையும் கேளுங்கள், கொழும்பு விலையிலேயே கேளுங்கள். லீவு எந்தக் கடதாசியில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்று யாராவது கையைப் பிடித்தால் அழாதீர்கள். அந்த மேசையில் உங்கள் கதிரை எது என்று கேளுங்கள்.