எங்கள் வீட்டுக் கால்

மதுரையில் இருந்துகொண்டு ஐஸ் ஹாக்கி ஆடப் போகிறேன் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? என் வீட்டுக்காரரே சிரித்தார். "ஐஸா? மீன் மார்க்கெட்ல கொட்டிக் கெடக்கே, அங்கிட்டுப் போயி ஓடு" என்றார். சிம்மக்கல்லில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிற மனுஷன். அவருக்கு எதை எடுத்தாலும் கேலிதான்.

நான் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. படிக்கிற காலத்திலிருந்தே சக்கர ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு ஹாக்கி ஆடியவள். தமிழ்நாட்டுக்குப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி ஒன்று சேர்க்கிறார்கள், சக்கரத்தில் ஆடியவர்கள் வரலாம், வடக்கே ஒரு பனி அரங்கத்தில் தேர்வு என்று செய்தி வந்தது. முப்பத்து நான்கு வயதில் இப்படியொரு வாய்ப்பு இன்னொரு தடவை வருமா? வரவே வராது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஸ்கேட்ஸ் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், அது காலோடு ஒட்டி நிற்க வேண்டும். பொருந்தாத ஷூவோடு பனியில் இறங்கினால் கணுக்கால் மடங்கிவிடும், அப்படி வருகிறவர்களை உள்ளேயே விடமாட்டேன் என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். மதுரையில் அதை எந்தக் கடையில் போய்க் கேட்பது? ஆன்லைன்தான் கதி.

அங்கேதான் என் கால் குறுக்கே வந்தது. என் கால் அகலம். சும்மா அகலம் இல்லை, முறம் மாதிரி அகலம். விரல்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாததுபோலத் தள்ளித் தள்ளி நிற்கும். சக்கர ஸ்கேட்ஸில் பையன்கள் போட்டுத் தளர்ந்துபோனதாகப் பார்த்து எடுத்துச் சமாளித்துவிடுவேன். கல்யாணத்தில் சமாளிக்க முடியவில்லை. அம்மி மிதிக்கும்போது வாங்கி வைத்திருந்த மெட்டி விரலில் ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "ஆத்தாடி, காலா இது, மொறமா?" என்றாள். சுற்றி நின்ற கூட்டம் குலுங்கிச் சிரித்தது. குனிந்து என் காலைப் பிடித்திருந்தவரும் சிரித்தார். மணவறையிலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

அதற்குப் பிறகு செருப்புக் கடையில் நான் கால் நீட்டியதே கிடையாது. பெண்கள் செருப்பு எனக்கு ஏறாது. ஆரப்பாளையத்தில் ஒரு கடையில் ஆம்பளைச் செருப்பாகக் கேட்டு வாங்குவேன். "வீட்டுல அண்ணனுக்கா, அக்கா?" என்பார் கடைக்காரர். "ஆமாண்ணே, அவருக்குத்தான்" என்பேன். வீட்டுக்காரருக்கு என்னைவிட ஒரு சைஸ் சின்னக் கால் என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஸ்கேட்ஸ் விற்கிற பக்கத்தைத் திறந்தேன். நீளத்துக்கு ஒரு கட்டம், அகலத்துக்கு ஒரு கட்டம். மிக அகலம் என்பது ஆண்கள் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. வீட்டில் ஈ காக்கை இல்லை, யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. அப்படியும் வெட்கம் பிடுங்கித் தின்றது. செல்போனுக்கு முன்னால்கூட நான் ஆம்பளைக் கால்காரி என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. பெண்கள் பக்கத்தில், சாதாரண அகலத்தை அழுத்தினேன்.

பெட்டி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் திணித்தேன். "ஏறிருச்சா?" என்றார் வீட்டுக்காரர். "ம், அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றேன். ஷூவின் அடியில் இருக்கிற கத்திக்கு உறை மாட்டி, தினமும் ஹாலில் நின்று பழகினேன். கல்யாணத்துக்குப் பிறகு பெரிதாகச் செய்து போட்ட மெட்டி பக்கத்து விரலில் புதைந்து கிழித்தது. உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு, போட்டுப் போட்டு இளகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோலில் செய்த நம் ஊர்ச் செருப்பா அது, இளகுவதற்கு?

ஒருநாள் துவைக்கப் போட்டிருந்த சாக்ஸை அவர் தூக்கிப் பார்த்துவிட்டார். "ஏய், என்னடி இது, இம்புட்டு ரத்தம்?" நான் சாக்ஸைப் பிடுங்கிக்கொண்டேன். அவரே அந்தக் கடைக்கு போன் போட்டார். கடை சென்னையில் இருந்தது. பேசிய பெண் நல்ல மாதிரி. மாற்றித் தருகிறேன், ஆனால் இந்தத் தடவை வீடியோவில் காலைப் பார்த்துத்தான் அனுப்புவேன் என்றாள்.

அன்றைக்கென்று என் அம்மா வந்திருந்தாள். அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர். தோட்டத்து அவரைக்காயைப் பை நிறையக் கொண்டுவந்து, கூடத்தில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரர் போனைப் பிடித்துக்கொள்ள, சுவரோரம் ஒரு பேப்பரை விரித்து நான் நின்றேன்.

"குதிகாலைச் சுவத்துல ஒட்டி வைங்க. முழு வெயிட்டும் கால்ல இருக்கட்டும்" என்றாள் அந்தப் பெண். "அந்த மெட்டியைக் கழட்டிருங்க மேடம். அதைப் போட்டுக்கிட்டு ஐஸ்ல ஆடவே கூடாது."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "கழட்டு. இதுல நான் என்ன செத்தா போயிருவேன்?" என்றார்.

"வாயக் கழுவுங்க மாப்ள!" அம்மா அவரைக்காயைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். "சுமங்கலிப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பேச்சு இது?" கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு அவளே, "கழட்டித் தாலிக் கயித்துல கோத்துக்க. நெஞ்சுலதான கெடக்கப் போகுது, ஒண்ணும் கொறையாது" என்றாள். அப்பா போனபோது அவள் காலிலிருந்து மெட்டியைக் கழற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அவளே அப்படிச் சொன்னபின் எனக்கென்ன? கழற்றிக் கோத்துக்கொண்டேன்.

வெறுங்கால் போனில் தெரிந்தது. அந்தப் பெண் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். பிறகு, "மேடம், கால் ரொம்ப அகலமா இருக்கே" என்றாள்.

என் நாக்கு எனக்கு முன்னால் ஓடிவிட்டது. "அது வீக்கம்ங்க. சுளுக்கு. ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்."

"அப்படியா? அப்ப வீக்கம் வடிஞ்சதும் அளந்து அனுப்புங்க. இப்ப அளந்தா தப்பாயிரும்."

தேர்வுக்கு இருந்ததே கொஞ்ச நாள். வடிவதற்கு வீக்கம் இருந்தால்தானே! வீட்டுக்காரர் போனுக்கு மேலாக என்னை முறைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அம்மா சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேப்பரில், என் காலுக்குப் பக்கத்தில், தன் காலை வைத்தாள். அதே கால். அதே தள்ளி நிற்கிற விரல்கள். வயல்காட்டு வெடிப்பு மட்டும்தான் கூடுதல்.

"வீக்கமெல்லாம் இல்ல தாயி" என்றாள் போனைப் பார்த்து. "இது எங்கூட்டுக் காலு. ஏங்கிட்டருந்து போயிருச்சு. பிள்ளைக்கு நல்ல காலாக் குடுக்காமப் போனேன், என்னையத்தேன் வையணும். அதுனாலதேன் அது கூச்சப்படுது. நீங்க கோவிச்சுக்கிறாம, பாத்து ஒரு அளவாக் குடுத்து விடுங்க."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வெட்கமாக இருக்கிறது, இன்னும் வெட்கமாக இருக்கிறது. மண்டபத்தில் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு உறை போடக் காணாது. சின்ன வயதிலிருந்து என் அம்மா முன்னாலேயே "சனியன் பிடிச்ச காலு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அத்தனையையும் அவள் காதில் வாங்கித் தன் கணக்கில் வைத்திருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம், எனக்காக, தன் காலுக்கு மன்னிப்புக் கேட்கிறாள். அம்மா அப்படிச் சொல்லாதே என்று ஒரு வார்த்தை வந்ததா என் வாயிலிருந்து? வரவில்லை.

"ஐயோ, இதுல என்னம்மா இருக்கு" என்றாள் அந்தப் பெண். ஒழுங்காக அளந்து, ஆண்கள் பக்கத்திலிருந்து மிக அகலமானதை அனுப்பினாள். விரல் நுனி முன்னால் பட்டும் படாமல், குதிகால் அசையாமல் உட்கார்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு வடக்கே போனேன். பனியில் கணுக்கால் ஒருமுறைகூட மடங்கவில்லை. மெட்டி நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அணியில் எடுத்துவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் போலிருந்தது. அவள் காலைப் பார்த்தேன். அப்பாவின் பழைய செருப்பு. அப்பா உயிரோடு இருக்கும்போதும் அவர் போட்டுத் தேய்ந்ததைத்தான் போடுவாள், போனபிறகும் அதைத்தான் இழுத்துக்கொண்டு திரிந்தாள். அப்பா மேல் அவ்வளவு பாசம் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். வேறு செருப்பு அவளுக்கு ஏறாது என்பது எனக்கு, இதே காலை வைத்திருக்கிற எனக்கு, தோன்றவே இல்லை.

ஆரப்பாளையம் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், எனக்கும் எங்கம்மாவுக்கும்தான் என்று வாய் நிறையச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். கடைக்காரர் சிரித்தபடி ஆம்பளைச் செருப்புகளை எடுத்துப் போட்டார்.

"என்னக்கா, அண்ணனுக்குத்தான?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள்.

"ஆமப்பா, எங்க மருமகனுக்குத்தேன்" என்றாள். "ரெண்டு சோடி குடு."

செருப்பைக் கையில் எடுத்து, சாண் வைத்து நீளம் பார்த்தாள், விரல் விரித்து அகலம் பார்த்தாள். காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டுதான் நின்றாள். போட்டுப் பார்க்கவே இல்லை.