தட்டிப் பார்க்கலாம், அடிக்கக் கூடாது

எங்கள் வீட்டில் சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பு எனக்குத் தந்தது ஒன்றுதான்: மடத்தனத்தைக் கண்டால் வயிறு எரியும். கோயில் திருவிழாவைக் கொடை என்போம்; கொடைக்குக் கொடை எரிந்தது.

அப்பா, சுடலைமாடன் கோயில் கொடைகளில் கதை பாடுகிறவர். அவர் பாட்டுக்கு இரண்டு மகுடம் வேண்டும். மகுடம் என்பது மரவளையத்தில் தோல் ஒட்டிய பறை. தீயில் காய்ச்சினால்தான் தோல் பேசும். காய்ச்சுகிற வேலை அக்காளுக்கு. பதம் ஏறிவிட்டதா என்று அவள் தட்டிப் பார்ப்பாள். அது தீட்டில்லை. அதே விரல் அதே தோலில் சாமி முன்னால் விழுந்தால் தீட்டு. ஆனால் சேலை கட்டி, கொண்டை வைத்து, மார்பில் துணி அடைத்து ஆடுகிற ஆண்களுக்கு அதே சாமி முன்னால் மாலை உண்டு. சேலைக்குக் கோயிலில் இடமிருந்தது, பொம்பளைக்குத்தான் இல்லை.

அந்த வருஷம் கரிவலம்வந்தநல்லூருக்குப் பக்கத்து ஊரில் மதியக் கொடை. இரண்டாம் மகுடம் அடிக்கும் மாமா காய்ச்சலில் படுத்துவிட்டார். சாமியாடிக்கு அருள் வராவிட்டால் பழி எங்கள் தலையில் விழும். மறு கொடைக்கு வேறு ஆட்களைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

“அக்கா அடிப்பா” என்றேன். தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்தே அவளுக்கு எல்லா அடியும் பழகியிருந்தது.

கோயில் தலைவருக்கு மீசை துடித்தது. “ஏலே, நாலெழுத்து படிச்சா சாமிக்கே சட்டம் சொல்லுவியோ? பொட்டச்சி அடிச்சா சாமி எறங்குமால? நீ ஆம்பளதான, நீ அடி.”

எனக்கு அடிக்கத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மீசை முளைத்திருந்ததே, போதும். அடித்தேன். சாமியாடி வேர்வையைத் துடைத்தார், கணுக்காலைச் சொறிந்தார், கடைசியில் கொட்டாவி விட்டார்.

அக்கா எழுந்து வந்தாள். “கொண்டால இங்கன.”

அவள் அடித்த மூன்றாவது சுற்றிலேயே சாமியாடி துள்ளிக் குதித்தார். குலவை எழுந்தது. தலைவர் மட்டும் தீட்டைக் கழிக்க ஓடி வந்து, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை மகுடத்தின் மேல் கொட்டினார். பக்தி முற்றினால் தோல் நனையும் என்பதுகூட மறந்துவிடும் போலிருக்கிறது. மகுடம் தொப்பென்று ஊமையானது. பாதி ஆட்டத்தில் சாமி மலையேறிவிட, சாமியாடி மலங்க விழித்தார். ஊரே தலைவரைப் பார்த்தது.

“தாயி, சட்டுன்னு காய்ச்சிக் குடு தாயி” என்றார் அவர் அக்காளிடம்.

“காய்ச்சுதேன். ஆனா அடிக்கிறதும் நாந்தான்.”

தலைவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவருடைய வீரம் அவ்வளவுதான்.

வேறு வழி தெரியாமல் தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கை தூக்கினார். “இவ மேல அம்மன் வந்திருக்கா. அதனால தோசமில்ல!”

அக்கா குனிந்து தீயை ஊதிக்கொண்டிருந்தாள். “எம்மேல ஒருத்தியும் வரல ஐயா. பொகைதான் வருது. தள்ளி நில்லுங்க.”

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பொழுது சாயும்வரை அவள்தான் அடித்தாள். தலைவர் காலிச் செம்பைக் கையில் பிடித்தபடி, எங்கே வைப்பதென்று தெரியாமல், தள்ளியே நின்றார்.